குளியலறைக்குள் வந்த நெருப்பு

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டிருக்கிறது.)

போன எபிசோடில் ஐஸ் பற்றிப் பேசினோம். இந்த முறை அதற்கு நேர் எதிர், வெந்நீர். குறிப்பாச் சொல்லணும்னா கேஸ் கீசர். "இதுல என்னங்க வரலாறு, பிளம்பரைக் கூப்பிட்டா மாட்டிட்டுப் போறார்" என்று நினைப்பீர்கள். ரெண்டு மாசம் முன்னாடி வரைக்கும் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

திருவண்ணாமலையில், திருமஞ்சன கோபுரத் தெருப் பக்கம் என் சித்தப்பா வீடு. பழைய வீடு. முன்னால் திண்ணை, அப்புறம் ஒரே ஓட்டமாகப் பின்கட்டு வரைக்கும் நீளும். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுக்காரர் சுவர். மாடியில் புதுசாக இரண்டு ரூம் கட்டியிருக்கிறார், பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு விட. 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்துவிட்டு விடியற்காலையில் வருகிறவர்கள் ரூமுக்குள் நுழைந்ததும் கேட்பது ரெண்டே விஷயம்: சார்ஜ் போட பிளக் எங்கே, வெந்நீர் வருமா. ஒரு ரூமில் அஞ்சு பேர் தங்குவார்கள். கரண்ட் கீசரில் முதல் ரெண்டு பேர் குளித்தால் மூணாவது ஆள் காத்திருக்கணும். அதனால் கேஸ் கீசர் என்று முடிவு. பிளம்பர் வந்தார், பாத்ரூமுக்குள் ஷவருக்குப் பக்கத்துச் சுவரில் பென்சிலால் நாலு புள்ளி வைத்தார்.

சித்தி மேலே வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தை: "அது இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது."

"அம்மா, ஒன்னும் ஆவாது. ஊரே இப்டிதான் மாட்டுது" என்றார் பிளம்பர்.

சித்தி அப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. அவங்க மகள், என் தங்கச்சி, பெங்களூரில் வேலை பார்க்கிறாள். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு டிசம்பர் காலை, வாடகை வீட்டு பாத்ரூமுக்குள் போனவள் இருபது நிமிஷமாகியும் வெளியே வரவில்லை. கூட இருந்த பொண்ணு கதவைத் தட்டி, பதில் இல்லாமல், பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு உடைத்தார்கள். தரையில் கிடந்தாள். முகம் வெளிறிக்கூட இல்லை. வீட்டில் கொரோனா சமயம் வாங்கின ஆக்ஸிமீட்டர் இருந்தது. விரலில் மாட்டினால் 98 காட்டியது. ஆஸ்பத்திரியில் முதலில் வலிப்பு என்றுதான் நினைத்தார்கள். தெற்குக் கர்நாடகத்தில் தலையில் வெந்நீர் ஊற்றும்போது வருகிற வலிப்பு என்று ஒன்று உண்டு, அங்கே டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த நோய். கடைசியில் ஒரு டாக்டர்தான் கேட்டார்: "பாத்ரூமுக்குள்ள கேஸ் கீசரா?" ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். கார்பன் மோனாக்சைடு. இந்திய நரம்பியல் மருத்துவ இதழ்களில் இதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

அவள் பிழைத்தாள். எல்லாரும் பிழைப்பதில்லை. 2023 மார்ச்சில், ஹோலி விளையாடிவிட்டுக் குளிக்கப் போன ஒரு தம்பதி மும்பையில் குளியலறைக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள். கேஸ் கீசர்தான் காரணமாக இருக்கும் என்று போலீஸ் சந்தேகப்பட்டது. குளிர்காலம் வந்தால் வட இந்தியச் செய்தித்தாள்களில் இது வருஷா வருஷம் வரும் செய்தி.

சரி, வரலாற்றுக்கு வருவோம். நம்ம பழைய வீடுகளில் வெந்நீர் எங்கே காய்ந்தது? பின்கட்டில், கிணற்றடிப் பக்கம், வெந்நீர் அடுப்பில் தவலை வைத்து. வசதியான வீடுகளில் செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதற்குள் கரியோ தேங்காய் மட்டையோ போட்டு எரிப்பார்கள், சுற்றிலும் தண்ணீர். புகை நேரே மேலே போகும். காய்ந்த தண்ணீரை வாளியில் பிடித்துக் குளிக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகணும். அந்தக் குளிக்கிற இடமும் பாதி வீடுகளில் மேலே ஓடு, இல்லையென்றால் கீற்று, இல்லையென்றால் வெறும் வானம். தூக்குவது பெண்கள் வேலையாக இருந்தது, இடுப்பு ஒடிகிற வேலை. அதைப் பொற்காலம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று: நெருப்பு ஒரு இடத்தில், குளிக்கிற ஆள் வேறு இடத்தில். யாரும் விஞ்ஞானம் யோசித்துச் செய்ததில்லை, புகை கண்ணைக் கரிக்கும் என்பதால் செய்தது. விளைவு ஒன்றுதான்.

நெருப்பைக் குளியலறைக்குள் கொண்டுவந்தவர் லண்டன்காரர், பெஞ்சமின் வாடி மாகன். தொழில் பெயின்டர். 1868-இல் அவர் ஒரு கருவிக்குக் காப்புரிமை வாங்கினார். ஐஸ்லாந்தில் 'கெய்சிர்' என்று ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது, பூமிக்குள்ளிருந்து பீறிட்டு அடிக்கும். அந்தப் பெயரைத் தன் கருவிக்கு வைத்தார். நாம் இன்றைக்கும் சொல்கிற 'கீசர்' அதுதான். (அமெரிக்காக்காரர்களிடம் கீசர் என்று சொன்னால் ஊற்றைத்தான் நினைப்பார்கள், அவர்களுக்கு இது வாட்டர் ஹீட்டர். பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன உச்சரிப்பை நாம் பிடித்துக்கொண்டோம்.)

மாகனின் கீசரில் தண்ணீர் மேலிருந்து கீழே வழியும், கேஸ் அடுப்பின் சூடான புகை கீழிருந்து மேலே போகும். ரெண்டும் நேருக்கு நேர் உரசும். அதனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியாது. புகை வெளியே போக அதில் புகைபோக்கியும் கிடையாது. அதோடு இன்னொரு ஆபத்து. முதலில் தண்ணீரைத் திறக்கணும், அப்புறம்தான் கேஸைப் பற்றவைக்கணும். மாற்றிச் செய்தால், அல்லது பற்றவைக்கத் தாமதித்தால், டமார்.

ஆக, ஆரம்பத்திலிருந்தே இந்தக் கருவியில் இரண்டு ஆபத்து. ஒன்று வெடிப்பது, சத்தம் போடுகிற ஆபத்து. இன்னொன்று புகை, சத்தம் போடாத ஆபத்து. இந்தக் கதை முழுக்க நடந்தது என்னவென்றால், சத்தம் போட்டதை எஞ்சினியர்கள் கவனித்துச் சரிசெய்துவிட்டார்கள். சத்தம் போடாதது வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

முதலாவதைச் சரிசெய்தவர்களில் பெரிய பெயர் ஹ்யூகோ யுங்கர்ஸ். ஜெர்மானியர். விமானப் பிரியர்களுக்குத் தெரிந்த பெயர்: 1915-இல் முழுக்க உலோகத்தால் செய்த விமானத்தைப் பறக்கவிட்டவர் அவர்தான். அந்த விமானங்களுக்குப் பின்னால் இருந்த காசில் பெரும்பகுதி வெந்நீரிலிருந்து வந்தது. எரிவாயுவில் எவ்வளவு வெப்பம் இருக்கிறது என்று அளக்க ஒரு கருவி செய்தார். அதே யோசனையில் 1890களில் தண்ணீர் காய்ச்சும் கருவி வந்தது. 1895-இல் டெஸ்ஸாவ் நகரத்தில் கம்பெனி தொடங்கினார். 1932-இல் பணமுடை வந்தபோது ஹீட்டர் தொழிலை பாஷ் கம்பெனிக்கு விற்றார். அடுத்த வருஷமே நாஜிகள் அவரை அவருடைய விமானக் கம்பெனியிலிருந்தே வெளியேற்றினார்கள். அது தனி எபிசோடுக்கான கதை.

இந்த வகைக் கருவிகளில் தண்ணீர் செம்புக் குழாய்க்குள் ஓடும், புகை வெளியே உரசிக்கொண்டு போகும், ரெண்டும் கலக்காது. பின்னால் வந்தவற்றில் தண்ணீரின் அழுத்தமே ஒரு சவ்வைத் தள்ளி கேஸைத் திறந்துவிடும். தண்ணீர் நின்றால் நெருப்பும் நிற்கும். இன்றைக்கு நம்ம கடைகளில் விற்கிற சின்னக் கீசருக்குள்ளும் இதே தத்துவம்தான். குழாயைத் திறந்தால் 'டிக் டிக் டிக்' என்று ரெண்டு பேட்டரியில் பொறி பறந்து தானாகப் பற்றிக்கொள்கிறதே, அது. மாகன் காலத்து டமார் பெரும்பாலும் ஒழிந்தது.

இப்போது சத்தம் போடாத விஷயம். எரிபொருளுக்குக் காற்று போதுமான அளவு கிடைத்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வரும். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ரத்தத்தில் ஆக்ஸிஜனைத் தூக்கிச் செல்கிற ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். இதைப் பிரெஞ்சு உடலியலாளர் கிளாட் பெர்னார்ட் 1857-லேயே சொல்லிவிட்டார். 1902 செப்டம்பரில் எழுத்தாளர் எமிலி ஸோலா பாரிஸில் தன் படுக்கையறையில் இறந்தது இதனால்தான். கணப்பு அடுப்பின் புகைபோக்கி அடைத்திருந்தது. யாரோ வேண்டுமென்றே அடைத்தார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை.

இதை உடம்பால் அனுபவித்து எழுதியவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்தால் பெரும்பாலானவர்கள் வெடியில் சாவதில்லை, அப்புறம் வருகிற மோனாக்சைடில்தான் சாகிறார்கள் என்று 1896-இல் அவர் அறிக்கை கொடுத்தார். தானே அந்த வாயுவைச் சுவாசித்து, என்ன ஆகிறது என்று குறித்துவைத்த மனுஷர். அவர் சொல்லித்தான் சுரங்கத்துக்குள் கூண்டில் கேனரிக் குருவியைக் கொண்டுபோனார்கள். குருவி முதலில் விழும், ஆள் ஓடிவந்துவிடலாம். பிரிட்டனில் அந்த வழக்கம் 1986 வரைக்கும் இருந்தது.

இந்த வாயுவின் கொடுமை என்னவென்றால், நினைவு தப்புகிறதற்கு முன்னாலேயே காலும் கையும் சொன்னபடி கேட்காமல் போய்விடும். தங்கச்சி அதைத்தான் சொன்னாள்: "அண்ணா, தாழ்ப்பாள் கண்ணுக்குத் தெரியுது. திறக்கணும்னும் தெரியுது. கைதான் மேலே போகல." ஆக்ஸிமீட்டர் 98 காட்டியதற்கும் இதுதான் காரணம். அந்தச் சின்ன மெஷினுக்கு ஆக்ஸிஜன் ஏறிய ரத்தத்துக்கும் மோனாக்சைடு ஏறிய ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. இதை மட்டும் யாரிடமாவது சொல்லிவையுங்கள். மீட்டர் நல்லா காட்டுதே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடப் போகிறார்கள்.

ஐரோப்பா இதற்குக் கண்டுபிடித்த வழி புகைக்குழாய். கருவிக்கு மேலே ஒரு குழாய், சுவரைத் தாண்டி வெளியே. பிற்காலத்தில் காற்றையும் வெளியிலிருந்தே எடுத்து, புகையையும் வெளியே விடுகிற மூடிய பெட்டி வகை வந்தது. பிரிட்டனில் 1998-ஆம் வருஷ எரிவாயு பாதுகாப்பு விதிகளின்படி, குளியலறைக்குள் கேஸ் கருவி பொருத்தினால் அது மூடிய பெட்டி வகையாக மட்டுமே இருக்கலாம். மாகன் பிறந்த நாட்டில் மாகனின் கீசருக்கு இடமில்லை.

நம்ம ஊருக்கு எப்படி வந்தது? சுருக்கமாகச் சொல்கிறேன். சிலிண்டர் கேஸ் இந்தியாவில் 1955-இல் பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனி மூலம் தொடங்கியது. இண்டேன் 1965-இல் வந்தது. அதற்கப்புறம் பல காலம் கனெக்‌ஷனுக்குக் காத்திருப்புப் பட்டியல், எம்.பி. கூப்பன், சிபாரிசு. அந்தக் காலத்தில் கேஸில் குளிக்கிற தண்ணி காய வைத்திருந்தால் பாட்டி அடித்தே துரத்தியிருப்பாள். பட்டியல் கரைந்தது. 2007-இல் தமிழக அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. சிலிண்டர் சாதாரணப் பொருளாயிற்று. அந்தச் சமயத்தில் கையடக்கமான கேஸ் கீசர்கள் கடைகளுக்கு வந்தன. இந்தியத் தர நிர்ணய அமைப்பு இந்தச் சின்ன வகைக்காகவே 2005-இல் ஐ.எஸ். 15558 என்று தனித் தரம் வெளியிட்டது. அப்புறம் 2012 மின்வெட்டு. கரண்ட் எப்போ வரும், எப்போ போகும் என்று தெரியாத வீட்டில், ரெண்டு பேட்டரியில் எரிகிற கீசர் தேவதையாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை.

அதே வருஷங்களில் வீடும் மாறியது, அதை யாரும் கவனிக்கவில்லை. பின்கட்டுக் குளியலறை போய் அட்டாச்டு பாத்ரூம் வந்தது. அஞ்சுக்கு ஏழு அடி. மேலே கான்கிரீட். வென்டிலேட்டர் ஒன்று, அதையும் கொசுவுக்குப் பயந்து கண்ணாடி போட்டோ பாலித்தீன் ஒட்டியோ அடைத்துவிடுவது.

மாடியில் சித்தப்பா முன்னால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். நிமிஷத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற சுமார் பத்தரை கிலோவாட் வேண்டும். வீணாகிற சூட்டையும் சேர்த்தால் 12. பாத்ரூம் கரண்ட் கீசர் மூணு கிலோவாட்டுக்குள்தான் இருக்கும், அதைப் போல நாலு மடங்கு. இதற்குக் கால் மணி நேரத்தில் சுமார் கால் கிலோ கேஸ் எரியும். ஒரு கிலோ கேஸ் முழுசாக எரிய ஏறத்தாழ பதினைந்தரை கிலோ காற்று வேண்டும். அப்படியானால் கால் மணி நேரத்துக்குச் சுமார் 3 கன மீட்டர் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் காலி. சித்தப்பாவின் பாத்ரூம் எட்டடி உயரம் என்று வைத்தால் மொத்தக் காற்றே 8 கன மீட்டர். கதவு, வென்டிலேட்டர் எல்லாம் அடைத்திருந்தால், ஒருத்தர் குளித்து முடிப்பதற்குள் அறையின் ஆக்ஸிஜனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதற்கு ரொம்ப முன்னாலேயே நெருப்பு நீலத்திலிருந்து மஞ்சளாகும், மோனாக்சைடு கொட்டும். இது ஒருத்தர் கணக்கு. ரூமில் அஞ்சு பேர்.

பிளம்பர் பொறுமையாகக் கேட்டார். அவர் மோசமான ஆள் இல்லை. "சார், லீக்கானா வாசனை வருமே?" என்றார். நிறையப் பேர் நினைப்பது இதைத்தான். வாசனை வருவது எரியாத கேஸில். லீக் தெரியணும் என்று கம்பெனியிலேயே மெர்காப்டன் என்ற நாற்றப்பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். எரிந்து வருகிற மோனாக்சைடுக்கு அந்த நாற்றம் கிடையாது. லீக்கான கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். மோனாக்சைடு அறை முழுக்கக் கலந்து நிற்கும். ரெண்டும் ரெண்டு ஜாதி.

"ஆட்டோ கட் ஆஃப் இருக்கு சார்" என்றார் அடுத்து. உண்மைதான், பல மாடல்களில் இருபது நிமிஷத்தில் அணைகிற டைமர் உண்டு. ஆனால் ஒருத்தர் முடித்து அடுத்தவர் குழாயைத் திறந்தால் மறுபடி இருபது நிமிஷம், அதே கெட்ட காற்றில்.

பாதுகாப்புக் கருவியை நம்புவதைப் பற்றி ஜப்பானிலிருந்து ஒரு பாடம் இருக்கிறது. 2006 ஜூலையில் அங்கே பெரிய புயல் கிளம்பியது. பலோமா என்ற கம்பெனியின் கேஸ் ஹீட்டர்களால் 1985-லிருந்து 20 வருஷங்களில் 21 பேர் மோனாக்சைடில் இறந்திருந்தார்கள். கருவியில் பாதுகாப்பு இருந்தது: புகையை வெளியே தள்ளும் ஃபேன் ஓடவில்லை என்றால் ஹீட்டர் எரியாது. அந்தப் பாகம் பழுதாகி ஹீட்டர் அடிக்கடி நின்றது. ரிப்பேருக்கு வந்தவர்கள் ஒரு வயரைக் குறுக்கே போட்டு அதைச் செயலிழக்க வைத்தார்கள். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம், இப்போ நல்லா எரியுது. 2010-இல் கம்பெனியின் முன்னாள் தலைவரை டோக்கியோ நீதிமன்றம் குற்றவாளி என்றது. ஜப்பான் மாதிரி ஊரிலேயே இப்படி. நம்ம ஊரில் "அந்த சென்சாரைக் கழட்டிட்டேன் சார், இனிமே தொல்லை இல்ல" என்று சொல்லாத மெக்கானிக்கை நான் பார்த்ததில்லை.

அப்புறம் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். சித்தப்பா கீசரைத் திருப்பிக் கொடுக்கவில்லை, இடத்தை மாற்றினார். மாடியில் பின்பக்கம் துணி காயப்போடுகிற திறந்த இடம் இருக்கிறது, மேலே பாதி ஷீட். அங்கே வெளிச்சுவரில் கீசர். அதிலிருந்து ரெண்டு பாத்ரூமுக்கும் வெந்நீர்க் குழாய், மேலே சூடு போகாமல் உறை சுற்றி. நெருப்பு வெளியே, ஆள் உள்ளே. பழைய பின்கட்டுதான், மாடிக்கு ஏறிவிட்டது. இப்படி வெளியிடம் இல்லாத வீடு என்றால் புகைக்குழாய் சுவரைத் துளைத்து வெளிக்காற்றுக்கே போகணும், டக்ட்டுக்குள் விடக்கூடாது. அந்த அறையில் தாழ ஒன்று உயர ஒன்று என்று மூட முடியாத காற்றுத் துளை வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுட்டா போதும் என்பார்கள். காற்று வர வழியில்லாத அறையில் அந்த ஃபேன் புகைக்குழாயிலிருந்தே புகையைத் திரும்ப உள்ளே இழுக்கக்கூடும். அப்படிப்பட்ட வீட்டில் கேஸ் வேண்டாம், கரண்டோ சோலாரோ பாருங்கள் என்பதே என் அபிப்பிராயம்.

சிலிண்டர் நிமிர்ந்து, தரை மட்டத்தில், காற்றோட்டமான இடத்தில், பக்கத்தில் சாக்கடைத் துளையோ பள்ளமோ இல்லாமல் இருக்கணும். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சுரக்ஷா டியூப், அதில் அச்சடித்த தேதியைப் பார்த்து அஞ்சு வருஷத்துக்குள் மாற்றணும். இணைப்புகளில் சோப்புத் தண்ணி தடவி குமிழி வருகிறதா என்று பார்க்கணும், தீக்குச்சி கொளுத்தி இல்லை. வாசனை வந்தால் 1906-க்குப் போன் செய்யலாம். ரூம் வாடகைக்கு விடுவதால் வீட்டுச் சிலிண்டரை மாட்டக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். இதில் மட்டும் சித்தப்பா ரொம்ப நேரம் முனகினார்.

தண்ணீர் டேங்க்கும் ஒரு பிரச்சினை. ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். மாடியிலேயே கீசர், அதற்கு ஒரு ஆள் உயரத்தில் டேங்க் என்றால் சவ்வு திறக்காது, பற்றாது. சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டியிருந்தது. போர் தண்ணியின் உப்பு செம்புக் குழாயில் படியும், வெளிப்பக்கம் தகடுகளில் கரி படியும். கரி அடைத்தால் புகை போகாது, மறுபடி மோனாக்சைடு. வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றிச் சுத்தம் செய்வதாகப் பிளம்பர் ஒத்துக்கொண்டார், மார்கழிக்கு முன்னால். ஜுவாலை மஞ்சளாகத் தெரிந்தால் அன்றைக்கே கூப்பிடணும் என்பதையும் அவரே கீசர் பக்கத்தில் எழுதி ஒட்டினார்.

ஒரே ஒரு குறை. குழாய் நீளம் அதிகம் என்பதால் முதலில் ரெண்டு மூணு லிட்டர் பச்சைத் தண்ணி வருகிறது. கிரிவலத்துக்கு வந்த ஒரு பெரியவர் அதற்குச் சண்டை போட்டாராம். சித்தி இப்போது ரெண்டு பாத்ரூமிலும் ஒரு வாளி வைத்துவிட்டாள். அந்தத் தண்ணி பவழமல்லிக்குப் போகிறது.